தேடாமல் போன இடத்தில் மாதா: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

முத்துநகரான்:

வேளாங்கண்ணிக்கும் லூர்துக்கும் போய்வந்த கதை நிறையப் பேரிடம் இருக்கும். அது தேடிப் போவது. நான் கேட்பது, வேறு வேலையாகப் போன இடத்தில் மாதா நின்றுகொண்டிருந்த கதை. என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கப்பலில் இன்ஜினியர். சில வருடங்களுக்கு முன் எங்கள் கப்பல் பழுதுபார்க்க நாகசாகியில் டிரை டாக் ஏறியது. ஒரு நாள் லீவு கிடைத்தது. நாகசாகி என்றால் அணுகுண்டு, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. டிராமில் ஏறி, கூட்டம் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். மேட்டுத் தெரு, இரண்டு பக்கமும் கேக் கடைகள். நிமிர்ந்து பார்த்தால் படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு வெள்ளைக் கோவில், வாசலில் வெண்மையாக மாதா சுரூபம். பழக்க தோஷம், கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

அது ஓரா பேராலயம். 1864இல் பிரெஞ்சுக் குருக்கள் கட்டி முடித்தது. அப்போது ஜப்பானில் கிறிஸ்தவ வேதத்துக்குத் தடை. 1614இல் நாடு முழுவதும் போட்ட தடை அது. மாதா படத்தையோ இயேசு படத்தையோ தரையில் போட்டு மிதிக்கச் சொல்வார்கள். மிதிக்கத் தயங்கியவன் மாட்டிக்கொள்வான். வெளிநாட்டுக்காரர்கள் கும்பிட மட்டும்தான் இந்தக் கோவிலுக்கு அனுமதி. ஊர்க்காரர்கள் 'பிரெஞ்சுக் கோவில்' என்று வேடிக்கை பார்க்க வருவார்களாம்.

1865 மார்ச் 17. உராகாமி கிராமத்திலிருந்து பதினைந்து பேர் போல வந்தார்கள். பெத்திழான் என்ற குரு பீடத்தின் முன் ஜெபித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவர் அருகே வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "சாந்தா மரியா நோ கோஸோ வா தோக்கோ?" சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே? அவர் பக்கப் பீடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ஆமாம், கையில் குழந்தை இயேசு இருக்கிறார் என்று ஆனந்தப்பட்டார்களாம். இருநூறு வருடத்துக்கு மேல் சாமியார் இல்லை, பூசை இல்லை, கோவில் இல்லை. அப்பா பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, வாய்மொழியாகவே ஜெபம் சொல்லிக்கொடுத்து ஒளித்துக் காப்பாற்றியவர்கள். வெளியே கும்பிட்டது சீனத்து வெள்ளைப் பீங்கானில் செய்த கண்ணோன் என்ற புத்தமதத்துக் கருணைத் தாயை. மனசுக்குள் அவள் மரியா.

அந்தச் சுரூபம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கால் மணி நேரம் அதன் முன்னால் நின்றேன்.

ஆனால் என்னை அசைத்தது பக்கத்து அருங்காட்சியகம்தான். ஆங்கிலம் தெரிந்த ஒரு வயதான தன்னார்வலர் கூடவே வந்தார். ஒரு சிலுவையைக் காட்டி "குருசு" என்றார். நான் திரும்ப "குருசா?" என்றேன். ஆமாம், போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல் என்றார். எங்கள் ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை நிற்கும் குருசடியை நினைத்துக்கொண்டேன். ஜெபமாலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கொன்தாட்சு'.

அப்புறம் பழைய அருள்நிறை மந்திரத்தின் முதல் அடியைச் சொல்லிக் காட்டினார்: "கராசா மிச்சிமிச்சி தாமோ மரியா." கராசா ஜப்பான் சொல் இல்லை. போர்த்துகீசில் அருள் என்பதற்கு உள்ள சொல் அது. அர்த்தம் தெரிந்தோ தெரியாமலோ தலைமுறை தலைமுறையாக அப்படியே சொல்லி வந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆச்சி கடைசிவரை "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் சொல்வாள். 'அருள் நிறைந்த மரியே' வந்து எத்தனையோ காலம் ஆகியும் மாறவில்லை. பிரியதத்தம் என்றால் என்ன ஆச்சி என்று கேட்டால் "பேசாம சொல்லுல" என்பாள். அவளுக்கும் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். சவேரியார் 1542இல் எங்கள் கடற்கரைக்கு வந்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதே மனிதர் 1549 ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளன்று, ஜப்பானில் ககோஷிமாவில் இறங்கினார். பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான். ஆனால் நாகசாகியில் ஒரு கிழவர் வாயிலிருந்து 'குருசு' கேட்டபோதுதான் அது வெறும் பாடம் இல்லை என்று புரிந்தது.

சாயங்காலம் உராகாமி கோவிலுக்கும் ஓடினேன். குண்டில் இடிந்து 1959இல் திரும்பக் கட்டியது. உள்ளே ஒரு மர மாதாவின் தலை மட்டும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கண்கள் போய், இரண்டு கரிய குழிகள். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

சரி, இனி நீங்கள்.

கோட்டயத்து மருமகள்:

கொன்தாட்சு! என் மாமியார் வீட்டில் ஜெபமாலைக்குப் பெயரே 'கொந்த'தான். கல்யாணமான புதிதில் "கொந்த எடுத்துட்டு வா" என்றார்கள், நான் அடுப்படியில் தேடினேன். ஜப்பான் வரை போயிருக்கிறதா அது!

பாசல் தம்பி:

நான் வேதக்காரன் இல்லை, சைவம். ஆனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். பாசலுக்கு வந்த முதல் வருடம், அகதி முகாமில் இருந்த ஓர் அண்ணை "வா, மடுவுக்குப் போவோம்" என்றார். மடு மாதா கோவில் இருப்பது மன்னாரில், சுவிசில் எங்கே மடு? 10ஆம் இலக்க டிராமில் ஃப்ளூ என்ற ஊர் வரை போய், பிறகு பஸ். மரியாஸ்டைன் என்று ஒரு மடாலயம். மலைப்பாறைக்குள் ஒரு கெபி, இறங்கிப் போக ஐம்பத்தொன்பது படி. படி எண்ணியது நான்தான், குளிருக்கு. போகும் வழிச்சுவர் முழுக்க நன்றிக் கல்வெட்டுகள், ஜெர்மனிலும் பிரெஞ்சிலும். நடுவில் தமிழ் எழுத்து ஒன்று கண்ணில் பட்டது. அதுவரை நான் அழவில்லை.

அங்கே ஒரு கதை சொல்வார்கள். தாய் கண்ணயர்ந்த நேரம் பிள்ளை பாறையிலிருந்து கீழே விழுந்ததாம், ஓர் அழகான பெண் ஏந்திக்கொண்டாளாம். அண்ணை இதைச் சொல்லிவிட்டு, "எங்கட பிள்ளைகளும் விழுந்ததுகள்தானே" என்று மட்டும் சொன்னார். இப்போது வீட்டில் எது நடந்தாலும் முருகனுக்கும் அர்ச்சனை, மரியாஸ்டைனிலும் மெழுகுதிரி. மன்னாருக்குப் போய் மடு மாதாவைக் கும்பிட்ட சைவச் சனத்துக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை.

பினாங்குக்காரி:

என்னுடையது சின்னது. மேடானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். டாக்ஸிக்காரர் பாத்தாக் இனத்தவர், கத்தோலிக்கர். "அன்னை கோவில் பார்த்தீர்களா?" என்றார். தஞ்சோங் செலாமட்டில் இருக்கும் அன்னை வேளாங்கண்ணி ஆலயம்தான் அது. தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரம் வைத்த இந்துக் கோவில் மாதிரி, கிட்டே போனால் முகலாய மாளிகை மாதிரி. ஜேம்ஸ் பரதபுத்ரா என்ற இந்திய இயேசு சபைக் குரு முன்னின்று கட்டியது, 2005இல் அர்ச்சித்தார்கள். கட்டடம் என் ரசனைக்குக் கொஞ்சம் அதிகப்படி. ஆனால் அந்த டாக்ஸிக்காரர் வழியெல்லாம் அன்னை, அன்னை என்றாரா, தாய் என்று அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். "அர்த்தமா? அது அவங்க பேர்தானே" என்றார். நான் திருத்தவில்லை.

வடக்கன்குளம்:

முத்துநகரான் அண்ணாச்சி, அம்மாவுக்கு மூட்டுவலி. ஓரா கோவிலில் படி ரொம்பவா?

முத்துநகரான்:

ஏற்றமும் படியும் இருக்கிறது தம்பி, மெதுவாகக் கூட்டிப் போங்கள். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். பூசை வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் புதிய கோவிலில் கேளுங்கள். பழைய கோவிலுக்குள் போனதும் பீடத்துக்கு வலப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், அங்கேதான் இருக்கிறாள். அம்மாவுக்குப் பிரியதத்த மந்திரம் தெரியுமா?