சாங்ஷன்: ஒப்பளிப்பா, ஒறுப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘சாங்ஷன்’ (sanction) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒப்புதல், தண்டனை என்று இரண்டு பொருள் உண்டு; அதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதை விட்டுவிடலாம். லத்தீனில் ‘சாங்கிரே’ என்றால் புனிதமாக்கி, மீறக்கூடாதபடி உறுதிசெய்தல். ரோமானியச் சட்டத்தில், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு ‘சாங்ஷியோ’ என்று பெயர். உறுதிசெய்தல் ஒப்புதலாகக் கிளைத்தது. தண்டனை தனிக் கிளையாயிற்று. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935இல் பன்னாட்டுச் சங்கம் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் அமைப்பு) எடுத்த நடவடிக்கை இந்த இரண்டாம் கிளை.

முதல் பொருளுக்குத் தமிழக அரசாணைகளிலேயே நல்ல சொல் இருக்கிறது: ‘நிதி ஒப்பளிப்பு’. ‘ஒப்புதல்’ போதாதா என்றால், போதாது. மத்தியப் பொதுப்பணித் துறையில் ஒரு கட்டடம் ஒப்பந்தப்புள்ளிக்குப் போகுமுன் மூன்று படிகள் உண்டு. நிர்வாக ஒப்புதல், பணி தேவை என்று ஏற்பது. செலவு சாங்ஷன், பணத்துக்கு. தொழில்நுட்ப சாங்ஷன், விரிவான மதிப்பீட்டில் வடிவமைப்பும் விலைவிகிதமும் சரி என்று உரிய பொறியாளர் உறுதிசெய்வது. மூன்றையும் ‘ஒப்புதல்’ என்று எழுதினால் கோப்பு எந்தப் படியில் நிற்கிறது என்றே தெரியாது. பின்னிரண்டும் ஒப்பளிப்பு ஆகட்டும்.

தண்டனைப் பொருளுக்கு ‘ஒறுப்பு’ என்பது என் பரிந்துரை. தண்டித்தல் என்ற பொருளில் குறளில் உள்ள ஒறுத்தல்தான். ‘தடை’ என்றால் ஏற்றுமதித் தடை, பயணத் தடை எல்லாவற்றோடும் குழம்பும். வங்கிக் கணக்கை முடக்குவது அதற்குள் அடங்காது.

————

> தண்டனைப் பொருளுக்கு ‘ஒறுப்பு’

ஒப்பளிப்பு எனக்கும் சம்மதம். ஒறுப்பு வேண்டாம் ஐயா. கத்தோலிக்கர் வழக்கில் ஒறுத்தல் என்றால் தவக்காலத்தில் தன்னை வருத்திக்கொள்வது. உயிரோடு இருக்கும் வழக்கை மீறிச் சொல் நிற்காது. மேலும் ஐ.நா. சாசனத்தின் 41ஆம் பிரிவு, படைபலம் இல்லாமல் பொருளாதார, போக்குவரத்து உறவுகளைத் துண்டிப்பதைப் பேசுகிறது. நோக்கம் பணிய வைப்பது, பழிதீர்ப்பதல்ல. ‘தடைநடவடிக்கை’ என்று தலைச்சொல் வைத்து, அதன்கீழ் ஆயுதத் தடை, பயணத் தடை, சொத்து முடக்கம் என்று பிரித்தால் தாங்கள் சொன்ன குழப்பமும் தீரும்.

‘சாங்ஷன் செய்யப்பட்ட’ என்ற பெயரடையில்தான் பெரிய ஆபத்து. வங்கி ‘சாங்ஷன்’ செய்தது ஒப்பளித்த கடன். அமெரிக்கக் கருவூலம் ‘சாங்ஷன்’ செய்தது தடைக்குள்ளான கப்பல். பின்னதை ‘அனுமதிக்கப்பட்ட கப்பல்’ என்று எழுதினால் செய்தி தலைகீழாகிவிடும். வினைக்கு எது செயப்படுபொருள் என்று பார்த்தால் போதும்: பணம், பணியிடம், பணி என்றால் ஒப்பளிப்பு; நாடு, ஆள், கப்பல் என்றால் தடைநடவடிக்கை. அகராதியில் இரண்டையும் தனிப் பதிவாக்கி, பதிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்ப்போம்.