பாக்குப் பெட்டியில் கிடைத்த பல்

கும்பகோணம் அத்தை: (படம்) பரணைச் சுத்தம் செய்தேன். அப்பாவின் பாக்குப் பெட்டிக்குள் இது இருந்தது. புலிப்பல்லா?

நாகை மாமா: புலிப்பல் உருண்டு நீண்டிருக்கும். இது தட்டை. சுறாப்பல் மாதிரி தெரிகிறது. ஆனால் எங்கள் துறைமுகத்தில் வெட்டும் சுறாவின் பல் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். இது ஏன் இப்படிப் பழுப்பாக இருக்கிறது?

ரவி சித்தப்பா: சுறாவேதான் அத்தான், ஆனால் மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப்போன பழங்காலப் பல் போலிருக்கிறது! எனக்குக் கை நடுங்குகிறது. அக்கா, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புங்கள்.

கும்பகோணம் அத்தை: ஒரே அழுக்கு. புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடுக்கட்டுமா?

ரவி சித்தப்பா: வேண்டவே வேண்டாம் அக்கா! புளியின் அமிலம் அரித்துவிடும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

கும்பகோணம் அத்தை: (2 படங்கள்)

ரவி சித்தப்பா: அழகு! மேலே பளபளப்பாக இருப்பது பல்லின் முனை. கீழே மங்கலாக, நுண்துளைகளோடு, கவட்டை போலப் பிரிவது வேர். வெறும் கல்லில் இந்த இரண்டும் சேர்ந்து வராது. நடுமுனைக்கு இருபுறமும் குட்டி முனைகள் இருக்கின்றன பாருங்கள். அக்கா, ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். அரிவாள் கருக்கு போல் சொரசொரக்கிறதா?

கும்பகோணம் அத்தை: இல்லை, வழவழவென்று இருக்கிறது.

ரவி சித்தப்பா: அப்படியானால் ஸ்குவாலிகோராக்ஸ் என்ற பழங்காலச் சுறா இல்லை, அதன் பல்லுக்குக் கருக்கு உண்டு. வழவழப்பான ஓரமும் பக்க முனைகளும் கிரெட்டலாம்னா என்ற இன்னொரு பழங்காலச் சுறாவின் பல்லில் உண்டு. அந்தச் சுறாக்கள் டைனோசர் காலத்துக் கடலில் நீந்தியவை. ஆனால் படத்தை மட்டும் பார்த்து உறுதியாகப் பெயர் வைக்க மாட்டேன். அத்தான், பழுப்பு நிறம் மண்ணிலிருந்த தாதுக்கள் ஊறியதால் வந்தது. எந்த மண்ணில் கிடந்ததோ அந்த மண்ணின் சாயம்தான் ஏறும். அதனால் நிறத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

கவின்: சித்தப்பா, பல் மட்டும் ஏன்? எலும்பு எங்கே?

ரவி சித்தப்பா: சுறாவின் உடம்பு குருத்தெலும்பு, சீக்கிரம் மக்கிவிடும். பல்லோ விழ விழ முளைக்கும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும்.

கவின்: அப்படியானால் நம் வயலிலும் தேடலாமா?

ரவி சித்தப்பா: நம் வயல் காவிரி நேற்றுக் கொட்டிய வண்டலடா, சில ஆயிரம் ஆண்டுகள்தான். இது வேறு ஊர்க் கடல். எந்த ஊர் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அக்கா, பெட்டியில் வேறு என்ன இருக்கிறது?

கும்பகோணம் அத்தை: துப்பாக்கித் தோட்டா போல ஒரு கல். கண்ணாடிச் சில்லு ஒன்று.

ரவி சித்தப்பா: தோட்டாவின் உடைந்த முனையில், நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல் கோடுகள் ஓடுகின்றனவா? சில்லில் நகக்கீறல் விழுகிறதா?

கும்பகோணம் அத்தை: இரண்டும் ஆமாம்!

ரவி சித்தப்பா: தோட்டா பெலம்னைட். கணவாய்க்கு உறவான பழங்காலக் கடற்பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதி. பலரும் அதைத்தான் பல் என்று எடுத்துவருவார்கள். சில்லு ஜிப்சம். பெலம்னைட், ஜிப்சம், சுறாப்பல் மூன்றும் சேர்ந்தால் என் மனம் காரை என்ற ஊருக்குத்தான் போகிறது. பெரம்பலூர் பக்கம், சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிக் களிமண். சிப்பியை அரைத்துத் தின்ற டைக்கோடஸ் சுறாவின் தட்டைப் பல்லும் அங்கே கிடைத்திருக்கிறது. அப்பா அந்தப் பக்கம்தானே வாத்தியாராக இருந்தார்?

கவின்: ஞாயிற்றுக்கிழமை போவோமா? நானும் ஒன்று எடுக்கிறேன்!

ரவி சித்தப்பா: போவோம், எடுக்க வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் அந்தக் காரைப் பகுதியைப் புவி மரபுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கண்ணால் பார், படம் எடு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடு. திரும்பும்போது அரியலூர் வாரணவாசி அருங்காட்சியகத்தில் நன்றாகப் பார்க்கலாம்.

ரவி சித்தப்பா: அக்கா, பெட்டியில் ஏதாவது துண்டுச் சீட்டு இருந்ததா? எடுத்த இடம் தெரியாவிட்டால் என் ஊகம் ஊகமாகவே நிற்கும். இடம் தெரிந்தால் எந்தப் பாறை, எந்தக் காலம் என்று எல்லாம் சொல்லலாம்.

கும்பகோணம் அத்தை: ஐயோ, மடித்த காகிதம் ஒன்று இருந்தது. குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். இரு, வருகிறேன்.

நாகை மாமா: குப்பை வண்டி வந்துவிடப் போகிறது!

கவின்: அத்தை??

கும்பகோணம் அத்தை: கிடைத்துவிட்டது. அப்பாவின் கையெழுத்து. "கொளக்காநத்தம் ஓடை. ஐப்பசி மழைக்குப் பின். பையன்கள் காட்டியது."

ரவி சித்தப்பா: காரைக்கு அடுத்த ஊர் அக்கா. அப்பா இடத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

கும்பகோணம் அத்தை: மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் பல்லையும் சீட்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். நீ வந்து பார்க்கும்வரை யாரையும் தொட விடமாட்டேன்.