நேரம் ஒதுக்கியும் மாடல் ரயில் லேஅவுட் நகரவில்லை: ஷிப்ட் வேலைக்காரருக்கு ஏதாவது வழி உண்டா?

மாங்கனி87 (கிருஷ்ணகிரி)

வணக்கம். வேலை ஓசூர் சிப்காட்டில். ஏ (காலை), பி (மதியம்), சி (இரவு) என்று வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். எச்.ஓ ஸ்கேலில் (1:87, நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு), ஆறுக்கு நாலு அடி பிளைவுட்டில் ஒரு மாடல் ரயில் லேஅவுட் ஆரம்பித்தேன். ஒரு ஓவல், உள்ளே இரண்டு சைடிங் (வண்டி நிறுத்தும் கிளைப் பாதை), மூன்று பாயிண்ட் (பாதை பிரியும் இடம்). ஜல்லி, பிளாட்பாரம், ஸ்டேஷன், மலை எதுவும் இன்னும் இல்லை. போன தீபாவளிக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது.

நேரம் கிடைக்காமல் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு மணி நேரமாவது உட்காருகிறேன். எழுந்திருக்கும்போது பார்த்தால் எதுவும் முடிந்திருக்காது. வாடகை வீடு, இரண்டு ரூம். நாலாவது படிக்கும் மகளுக்கு என்னைவிட ஆசை அதிகம். "ஸ்டேஷன் எப்போப்பா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எங்கள் ஊரில் ரயில் நிலையமே கிடையாது. வீட்டுக்குள்ளாவது அவளுக்கு ஒன்று கட்டிக் கொடுக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

வேலை, குடும்பத்துக்கு நடுவே இதைத் தொடர்ந்து செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? கூடுதல் நேரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

பாயிண்ட்ஸ்மேன் (தருமபுரி)

தம்பி, கூடுதல் நேரம் தேடுவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். நான்கு விஷயம் சொல்லுங்கள். போர்டு வீட்டில் எங்கே இருக்கிறது? உட்கார நினைத்ததிலிருந்து முதல் வேலையில் கை வைக்கும் வரை என்னென்ன நடக்கும்? கரண்ட் கொடுத்தவுடன் இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா? கடைசியாக எழுந்தபோது எந்த வேலையில் நிறுத்தினீர்கள்?

மாங்கனி87

அண்ணா, போர்டு பீரோவுக்குப் பின்னால் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கிறது. வேலை செய்ய வேண்டும் என்றால் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிவிட்டு அதன்மேல் படுக்க வைப்பேன். கன்ட்ரோலர், ஒயர், டூல்ஸ் எல்லாம் பரணில் ஒரு அட்டைப்பெட்டியில். எல்லாம் எடுத்து வைத்து இன்ஜினை ஓட்டினால் இரண்டு மூன்று இடத்தில் திக்கித் திக்கி நிற்கும். உப்புத்தாளால் தண்டவாளத்தைத் தேய்த்தால் ஓடும். அடுத்த தடவை மறுபடியும் நிற்கும். மகள் தூங்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெத்தையை விரிக்க வேண்டும்.

கடைசி கேள்விக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏதோ ஒரு பாயிண்ட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பாயிண்ட்ஸ்மேன்

இப்போது தெளிவாகத் தெரிகிறது. உங்கள் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி தூக்குவதிலும், தேய்ப்பதிலும், திரும்ப எடுத்து வைப்பதிலும் கழிகிறது. வாரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் யாராவது இனாமாகக் கொடுத்தாலும் அதுவும் இதே வழியில்தான் போகும்.

முதலில் இன்ஜின் திக்குவதை முடித்துவிடுவோம். உப்புத்தாளை இன்றோடு விட்டுவிடுங்கள். அது தண்டவாளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், அந்தக் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். மொபைல் ரிப்பேர் கடைகளில் போர்டு துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்திருப்பார்கள், ஐ.பி.ஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய பனியன் துணியில் அதை நனைத்துத் துடையுங்கள். துணி கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும் வரை துடைத்தால் போதும். இன்ஜின் சக்கரத்தையும் அப்படியே துடைக்க வேண்டும், அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கக் கூடாது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் திக்குவதற்கு அழுக்கு மட்டும் காரணமாக இருக்காது. போர்டைச் செங்குத்தாக நிறுத்திப் படுக்க வைக்கும்போது தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயினர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மின்சாரம் அந்த ஜாயினரை நம்பித்தான் அடுத்த துண்டுக்குப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் இரண்டு மெல்லிய ஒயரைப் பற்றவைத்து, பிளைவுட்டில் துளை போட்டு இறக்கி, கீழே ஓடும் தடித்த இரண்டு ஒயரில் சேர்த்துவிடுங்கள். ஃபீடர் என்று சொல்வோம். அதற்கப்புறம் ஜாயினர் தளர்ந்தாலும் வண்டி நிற்காது.

அடுத்தது அந்த ஆறுக்கு நாலு. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்தடி நீளம் ஓரடி அகலத்தில் ஒரு பலகை தயார் செய்யுங்கள். சுவரில் இரண்டு மூன்று எல் பிராக்கெட் அடித்து ஷெல்ஃப் மாதிரி நிரந்தரமாக உட்கார வைக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் மகளின் புத்தக அலமாரி மேலேயே வைக்கலாம். அந்தப் பலகையை இறக்கவே கூடாது, அதுதான் இதில் முக்கியம். போகிற வருகிற பாதையில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், சோறு வேகும் பத்து நிமிஷத்தில்கூட ஒரு ஸ்லீப்பருக்குப் பெயின்ட் அடித்துவிடலாம்.

ஓரடி அகலத்தில் என்ன ரயில் ஓட்டுவது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் 'இங்கிள்நூக்' என்று ஒரு ஷண்டிங் யார்டு (வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரித்துக் கோர்க்கும் இடம்) அமைப்பு செய்தார், உலகம் முழுக்கப் பிரபலம். மூன்று சைடிங், இரண்டே பாயிண்ட். ஒன்றில் ஐந்து வண்டி நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. இந்தப் பக்கம் இன்ஜினும் மூன்று வண்டியும் நிற்கிற அளவுக்கு ஒரு துண்டு லைன். மொத்தம் எட்டு வண்டி. எட்டின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் கோர்த்து நிறுத்துவதுதான் ஆட்டம். எட்டில் ஐந்தை வரிசைப்படுத்த 6,720 வழி இருக்கிறது, எளிதில் சலிக்காது. நான்கு சக்கரச் சின்ன வேகன்களாக வைத்தால் எச்.ஓ ஸ்கேலில் ஐந்தடிக்குள் அடங்கும். பாயிண்ட் உங்களிடமே மூன்று இருக்கிறது.

காரிமங்கலத்துக்காரன்

நானும் சிப்காட்தான், நானும் மூன்று ஷிப்ட்தான். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நமக்கு 'தினமும் இரவு எட்டு மணிக்கு' என்கிற மாதிரி யோசனை எல்லாம் உதவாது, வாரம் மாறினால் எட்டு மணியே மாறிவிடும். அதனால் நேரத்தை விட்டுவிட்டு வேலையை ஷிப்ட்டோடு கட்டிவிட்டேன்.

பி ஷிப்ட் வாரம் பொன்னான வாரம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வீடு அமைதியாக இருக்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும், உடம்பும் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும். ஒயர் பற்றவைப்பது, பாயிண்ட் சரிசெய்வது, அளவெடுத்து வெட்டுவது எல்லாம் அந்த வாரத்துக்குத்தான். ஏ ஷிப்ட்டில் விடியற்காலையே பஸ் பிடிக்க வேண்டும், சாயங்காலம் மண்டை பாதிதான் வேலை செய்யும். பெயின்ட், அட்டை ஒட்டுவது, பிள்ளைகளோடு சேர்ந்து மரம் செய்வது போதும். சி ஷிப்ட் வாரத்தில் சூடான அயர்னையும் பிளேடையும் தொடவே மாட்டேன். தூக்கக் கலக்கத்தில் கையை வெட்டிக்கொள்ள வேண்டாம். வண்டியை ஓட்டிப் பார்ப்பதோடு சரி.

இன்னொன்று, எழுந்திருக்கும்போது ஒரு துண்டுத் தாளில் அடுத்த வேலையை எழுதி லேஅவுட் மேலேயே வைத்துவிடுங்கள். 'ஒயரிங் பாக்கி' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'இரண்டாவது பாயிண்ட், இடது பக்கம், சிவப்பு ஒயர் பற்றவைக்க வேண்டும்' என்கிற அளவுக்கு எழுத வேண்டும். பத்து நாள் கழித்து வந்தாலும் யோசிக்காமல் கை வைக்கலாம். ஃபெவிகால் ஒட்டும் வேலையை எப்போதும் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் கடைசியாகச் செய்யுங்கள். நாம் லைனில் நிற்கும் நேரத்தில் அது பாட்டுக்குக் காயும்.

சூளகிரி சிக்னல்

மற்றவர்கள் சொன்னதில் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். மகளுக்காகச் செய்கிறேன் என்கிறார். பிள்ளைகளுக்கு வண்டி சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஓவலைப் பிரித்துவிட்டு முன்னும் பின்னும் நகரும் ஷண்டிங்கைக் கொடுத்தால் ஆசையே போய்விடும். ஷிப்ட் வாரியாக வேலை பிரிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. கம்பெனியில்தான் அட்டவணை என்றால் வீட்டிலும் அட்டவணையா? தோன்றும்போது உட்காரட்டும், ஒரு வருஷம் கூடுதலாகத்தான் ஆகட்டுமே.

பாயிண்ட்ஸ்மேன்

நியாயமான பேச்சு. ஓவலைப் பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டு பாயிண்ட்டை மட்டும் கழற்றிக்கொண்டு அந்த இடத்தில் சாதாரணத் துண்டைப் போட்டுவிட்டால் ஓவல் ஓவலாகவே இருக்கும். வீக்லி ஆஃப் அன்று எடுத்து விரித்து ஓட்டலாம். அன்றைக்கு ஓட்டுவது மட்டும்தான், கட்டும் வேலை அதில் கிடையாது.

அட்டவணை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தோன்றும்போது உட்காருவது தனி ரூம் இருக்கிறவர்களுக்குச் சரி. கட்டிலைக் காலி செய்துதான் உட்கார வேண்டும் என்றால் தோன்றுவதே குறைந்துவிடும். பலகை நிரந்தரமாக உட்கார்ந்த பிறகு நீங்கள் சொல்கிறபடியே இருக்கலாம். சீட்டுக் குலுக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களைவிட அவர்கள்தான் வேகமாகக் கோர்ப்பார்கள்.

நேரோகேஜ் டீச்சர் (தருமபுரி)

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை என்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. உங்கள் ஊருக்கு ரயில் இருந்தது, தம்பி. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நேரோகேஜ் லைன் போட்டார்கள். அடுத்த வருஷமே எங்கள் பக்கம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்று வந்தது, பிறகு அது ஓசூர் வரை நீண்டது. தண்டவாள இடைவெளி 762 மி.மீ., அதாவது இரண்டரை அடி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவை மூடப்பட்டன. தருமபுரிக்கும் ஓசூருக்கும் வேறு பாதையில் மறுபடி ரயில் வந்தது, கிருஷ்ணகிரிக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

உங்கள் பலகைக்கு இது ரொம்பப் பொருத்தம். 762ஐ 87ஆல் வகுத்துப் பாருங்கள், 8.76 மி.மீ. வரும். எச்.ஓவைவிடச் சின்னதாக 'N' என்று ஒரு ஸ்கேல் உண்டு, அதன் தண்டவாள இடைவெளி 9 மி.மீ. அதனால் உலகம் முழுக்க 1:87இல் நேரோகேஜ் செய்கிறவர்கள் 'N' ஸ்கேல் தண்டவாளத்தையே பயன்படுத்துகிறார்கள், எச்.ஓ.இ என்று அதற்குப் பெயர். 'N' ஸ்கேல் இன்ஜினின் அடிப்பாகத்தை வாங்கி மேல்கூட்டை நாமே பிளாஸ்டிக் ஷீட்டில் செய்துகொள்ளலாம்.

இப்போதே வாங்கச் சொல்லவில்லை, ஏற்கனவே நேரம் இல்லாதவருக்குப் புது வேலை வைக்கக் கூடாது. ஆனால் திருப்பத்தூர் பிராட்கேஜ் மெயின் லைனில் இருக்கிற ஊர். நேரோகேஜ் அங்கேதான் ஆரம்பம். கேஜ் வேறு என்பதால் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதனால் உங்கள் இங்கிள்நூக்கைத் திருப்பத்தூர் யார்டு என்று வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பிளாட்பாரம் மட்டும் கட்டுங்கள். முன்பக்கம் உங்கள் எச்.ஓ சைடிங். பின்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டு வையுங்கள், என்றைக்காவது கிருஷ்ணகிரி வண்டி அங்கே வந்து நிற்கும். ஸ்கேல் இரண்டுக்கும் 1:87தான், அதனால் இன்று செய்யும் ஸ்டேஷன், ஆட்கள், புளியமரம் எதுவும் வீணாகாது.

மாங்கனி87

டீச்சர், இதைப் படித்துக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்திலேயே இருந்தாள். சத்தமாக வாசித்துக் காட்டினேன். "நம்ம ஊர் வண்டிக்கு இன்ஜின் என்ன கலர்?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நிலவரம் சொல்கிறேன். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், ஹாலில் டிவிக்கு மேலே ஐந்தடிப் பலகை ஏறிவிட்டது. பி ஷிப்ட் வாரத்தில் இரண்டு பாயிண்ட்டையும் மாற்றிப் பொருத்தி, எல்லாத் துண்டுக்கும் ஃபீடர் கொடுத்தாயிற்று. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பிளாட்பாரத்துக்கு இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பின்னால் மூன்று விரல் விட்டுத்தான். துண்டுத் தாள் பழக்கம் நன்றாக ஒட்டிக்கொண்டது, இப்போது மகளே எழுதி வைக்கிறாள்.

அடுத்தது ஜல்லி. இங்கே கிரானைட் குவாரிகளுக்குப் பஞ்சமில்லை, கிரஷர் தூள் தெரிந்தவரிடம் கிடைக்கும். அதையே போடலாமா? எந்த ஷிப்ட் வாரத்தில் செய்வது நல்லது?

பாயிண்ட்ஸ்மேன்

தாராளமாகப் போடலாம், நம் ஊர்க் கல்லுக்கு ஈடு எந்தக் கடையிலும் கிடைக்காது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முதலில் டீ வடிகட்டியில் சலித்து நைஸ் தூளைத் தள்ளிவிடுங்கள், மணல் மணலாக நிற்பது மட்டும் வேண்டும். கழுவி வெயிலில் காய வையுங்கள். காய்ந்ததும் ஒரு தட்டில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மேலாக இழுத்துக்கொண்டே போங்கள். கிரானைட்டில் காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் துகள் இருக்கும். அதை எடுக்காமல் போட்டால் இன்ஜின் மோட்டாரில் இருக்கும் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கவரில் இனி எதுவும் ஒட்டவில்லை என்று ஆகும் வரை இழுக்க வேண்டும்.

அப்புறம் தண்டவாளத்துக்கு நடுவே காய்ந்தபடியே கொட்டி, சின்ன பிரஷ்ஷால் தட்டித் தட்டிச் சமன் செய்யுங்கள். பாயிண்ட்டின் நகரும் பகுதியில் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு மேலாக ஸ்பிரே செய்தால் ஜல்லி முழுக்க நனையும். ஃபெவிகாலையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து ஓரமாகச் சொட்டு சொட்டாக விடுங்கள். பால் மாதிரி வெள்ளையாகத் தெரியும், காய்ந்ததும் தெரியாது.

சலிப்பது, காந்தம் இழுப்பதை ஏ ஷிப்ட் வாரத்தில் மகளோடு முடித்துவிடுங்கள். பசை விடும் வேலையை பி ஷிப்ட் அன்று காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன். ஒரு நாளைக்கு ஒரு சைடிங் போதும். மறுநாள் காலை தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் தண்டவாளத்தின் மேல் முகத்தை ஐ.பி.ஏ போட்டுத் துடைத்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள்.