இளம் கினிப்பன்றியின் திடீர் மரணம்: கொழும்பில் வளர்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

மிளகு போய்விட்டது. ஆறு மாதம்கூட நிரம்பாத பெண் கினிப்பன்றி. முந்தின இரவு தன் கூட்டாளி கறுவாவின் வாயிலிருந்த கொத்தமல்லித் தண்டை மறுமுனையில் கவ்வி இழுத்துத் தின்ற அதே மிளகு, காலையில் புல்லுக்கடியில் விறைத்துக் கிடந்தது. வயிற்றுப்போக்கு இல்லை, மூக்கு வடியவில்லை, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கறுவா அதை ஒட்டியபடியே குந்தியிருந்தது.

இறப்பைவிட, இறப்புக்குப் பின் எழுந்த பேச்சுத்தான் என் மகளை அதிகம் வாட்டியது. "ஓர் எலிக்காகவா பள்ளிக்கூடம் போகாமல் அழுகிறாய்?" என்றார் உறவினர் ஒருவர். "இதைப்போல இன்னொன்று வாங்கினால் போயிற்று" என்றார் இன்னொருவர். அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். நாய் செத்தால் பக்கத்து வீட்டார் வந்து துக்கம் கேட்கிறார்கள். இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் உயிர் என்றால் துக்கமும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது பெரும் பிழை என்பதை வீட்டுக்குள் இருப்பவர்கள் அறிவோம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்தாலே இரண்டும் சேர்ந்து கூவும். "வீக், வீக்" என்ற அந்தக் கூவல் கூடத்தைத் தாண்டி மாடிப்படி வரை கேட்கும். மகிழ்ச்சி வந்துவிட்டால் மிளகு நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளி, காற்றிலேயே திசை மாறி இறங்கும். மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அவளுடைய முழங்கை வளைவுக்குள் முகத்தைச் செருகிக்கொண்டு படுத்திருக்கும். அப்போது அதன் மேலுதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும்.

தொடர்மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பிடி மண்ணுக்கும் வழியில்லை. காவலாளி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், பொலித்தீன் பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம் என்று. என்னால் முடியவில்லை. பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்துச் சுற்றி, சப்பாத்துப் பெட்டியில் வைத்து, வத்தளையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஜம்பு மரத்தடியில் பெரியப்பா ஏற்கெனவே குழி வெட்டி வைத்திருந்தார். நாய்கள் கிளறாதபடி முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தார், மேலே வைக்க ஒரு கல்லும் தேடி வைத்திருந்தார். மகள் கொத்தமல்லிக் கட்டு ஒன்றை அவிழ்க்காமல் அப்படியே உள்ளே வைத்தாள். அம்மம்மா கைகூப்பி நின்றார். "எந்த உயிரும் உயிர்தான் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் நாங்கள் கேட்ட வார்த்தைகளில் எங்களுக்கு உதவியது அது ஒன்றுதான்.

மிருக வைத்தியரிடம் பேசினேன். உடலைத் திறந்து பார்க்காமல் காரணம் சொல்ல இயலாது என்றார். பிறவியிலேயே இதயக் குறை இருந்திருக்கலாம், நுரையீரலில் தொற்று இருந்திருக்கலாம், வயிற்றில் வாயு அடைத்திருக்கலாம். இந்தப் பிராணியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிறு உப்பினால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது வேட்டையாடப்படும் இனம். நோயைக் காட்டிக்கொண்டால் கழுகும் நரியும் முதலில் அதைத்தான் தூக்கும். ஆகவே இயலாத நிலை வரும்வரை ஒன்றும் நடக்காததுபோலவே தின்றுகொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கும். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழ வேண்டிய உயிர்.

இங்கு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? காரணம் தெரிந்ததா? தெரியாவிட்டால் எப்படித் தாங்கினீர்கள்? கறுவாவை நான் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

மருதானை வாசகர்

உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அக்கா.

எங்கள் வீட்டில் காரணம் தெரிந்தது. நுரையீரல் அழற்சி. குட்டியை வாங்கிய கடையில் முயல்களும் கினிப்பன்றிகளும் ஒரே கூட்டில் இருந்தன. முயல்களின் மூச்சுப்பாதையில் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். நாய்களிடமும் இருக்கும். அதே கிருமி கினிப்பன்றியின் நெஞ்சுக்குள் போனால் ஆளையே முடித்துவிடும். எங்களுடைய குட்டி வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே போய்விட்டது. கடைசி மாலையில்தான் மூச்சில் ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம் கேட்டது. வைத்தியரிடம் கொண்டுபோகும் வழியில், முச்சக்கர வண்டியிலேயே, தம்பியின் மடியில் உயிர் பிரிந்தது.

அதன் பிறகு வந்தவற்றை வாரத்துக்கு ஒரு முறை நிறுக்கிறோம். கேக் செய்ய மா நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும், மேலே ஒரு கிண்ணம் வைத்து அதில் இருத்தினால் சரி. வளரும் குட்டியின் நிறை ஏறிக்கொண்டே போக வேண்டும். அது நின்றாலோ இறங்கினாலோ, நடத்தையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். நோயை மறைக்கும் பிராணியால் நிறையை மறைக்க முடியாது.

தெஹிவளை அப்பா

2022 மார்ச் மாதக் கடைசி. நாட்டின் பொருளாதார நெருக்கடியில், நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலம். எங்கள் வீடு மேல்மாடி, மேலே தகரக் கூரை. மின்விசிறி நின்றால் அறை அடுப்பாகிவிடும்.

கினிப்பன்றிக்கு உகந்த வெப்பம் 18 முதல் 24 பாகை என்று சொல்வார்கள். அதற்கு வியர்க்காது, மேலே தடித்த உரோமம் வேறு. கொழும்பிலோ பகலில் 31, 32 பாகை சாதாரணம், காற்றில் ஈரமும் அதிகம். எங்கள் குட்டி மதியத்துக்குப் பிறகு காலை நீட்டித் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. வாயோரம் எச்சில் வழிந்தது, விலா எலும்புகள் படபடவென்று அடித்தன. காதையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்தோம். ஐஸ் தண்ணீர் வைக்கவில்லை, திடீர்க் குளிர் அதிர்ச்சி தரும் என்பதால் சாதாரணத் தண்ணீர்தான். வைத்தியரிடம் போக மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. பொழுது சாய முன்பு இறந்துவிட்டது.

இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தெருமுனையில் மக்கள் எரிவாயு சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்துவிட்டு வெயிலில் நின்றார்கள். பால்மா கிடைக்காமல் தாய்மார் கடை கடையாக அலைந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு கினிப்பன்றிக்காக நாங்கள் வீட்டுக்குள் அழுதோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மகன் என்னிடம் கேட்டான்: "அப்பா, எல்லாரும் கஷ்டப்படும்போது நாங்கள் இதற்காக அழலாமா?" அழலாம் என்றேன். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். ஊர் முழுவதும் துன்பத்தில் இருந்ததால் அந்தச் சிறிய உயிர் பட்ட துன்பம் பொய்யாகிவிடவில்லை. மகன் அதைக் கையில் வைத்திருந்தான், அதன் நெஞ்சு அடங்கியதை விரலில் உணர்ந்தான். அவனுக்கு அதைவிட நெருக்கமாகச் சாவு வந்தது அதுவரை இல்லை.

மாடியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டுக்குள் குளிர்ச்சியான தரை ஓடு (டைல்) ஒன்றைப் போட்டு வையுங்கள், அதுவே தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி ஓரமாக வைக்கலாம். ஏப்ரல் வெயிலில் கூட்டை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

எங்கள் கட்டடத்துப் பிள்ளை ஒருத்தியின் கினிப்பன்றிக்குத் தும்மல் வந்தது. விற்ற கடையில் கேட்டபோது, குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் பாணியில் சில துளி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த சில நாளில் வயிற்றுப்போக்கு, பிறகு மரணம்.

நினைத்தாலே கோபம் வருகிறது. பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சை உண்டாக்கும் கிளொஸ்டிரிடியம் பெருகிவிடும். அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் மூன்றும் இதற்கு ஆபத்தானவை. பிராணியை விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நாய்க்கும் பூனைக்கும் அன்றாடம் கொடுக்கும் மருந்து இது என்பதால், வைத்தியரிடம் போனாலும் இந்தப் பிராணிக்கு ஏற்றதுதானா என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் உயிர்ச்சத்து சியைத் தன் உடலில் உண்டாக்க முடியாது. முயல் தீனியில் அது சேர்க்கப்படுவதில்லை. கினிப்பன்றித் தீனியில் சேர்த்திருந்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் கெட்டுவிடும். திகதி எதுவும் இல்லாமல் பொலித்தீன் பையில் நிறுத்து விற்கும் தீனியை நம்பி வளரும் குட்டியை விடாதீர்கள். ஒரு துண்டு பெல் பெப்பர், கொஞ்சம் கொய்யா என்று நாளும் பச்சையாகக் கொடுங்கள்.

பம்பலப்பிட்டி ஆசிரியை

பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "மிளகு நித்திரை கொள்கிறது" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். என் வகுப்பில் ஒரு சிறுவனிடம் அப்படிச் சொல்லி, அவன் பல இரவுகள் படுக்கைக்குப் போகவே அஞ்சினான். "ஊருக்குப் போய்விட்டது" என்பதும் வேண்டாம், திரும்பி வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறந்துவிட்டது, அதன் இதயம் நின்றுவிட்டது, இனி அதற்கு வலி இல்லை. இவ்வளவையும் அதே சொற்களில் சொல்லலாம். பிள்ளைகள் தாங்குவார்கள்.

அடுத்துப் பெரும்பாலும் ஒரு கேள்வி வரும்: "நான் ஏதாவது செய்ததாலா?" பிள்ளை வாயால் கேட்காவிட்டாலும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். நேற்று அதைத் தூக்கி விளையாடியதா, ஒரு தடவை தண்ணீர் வைக்கத் தாமதமானதா என்று தனியே கணக்குப் பார்க்கும். நீங்களாகவே முந்திக்கொண்டு "உன்னால் அல்ல" என்று சொல்லிவிடுங்கள். ஒரு முறை போதாது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது வகுப்பாசிரியருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுங்கள் அம்மா. பாட்டனார் இறந்த பிள்ளையை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் பார்ப்போம்.

கிருலப்பனையிலிருந்து, பல காலமாகக் கினிப்பன்றி வளர்ப்பவர்

கறுவாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இரவெல்லாம் மிளகின் உடலோடு இருந்தது நல்லதுதான். இறந்த துணையை முகர்ந்து பார்க்க விட்டால், பிறகு தேடிக் கூவுவது குறைகிறது என்பதைப் பலர் கண்டிருக்கிறோம். இப்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: தின்கிறதா? துணையை இழந்தது சோர்ந்து மூலையில் இருக்கலாம், அது இயல்பு. ஆனால் இந்தப் பிராணியின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது. அரை நாள் எதையும் தொடாமல் இருந்தாலே அவசர நிலை. புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கொழும்பில் வெற்றுக் காணிகளில் உயர்ந்து நிற்கும் கினிப்புல்லை, மருந்து தெளிக்காத, நாய்கள் நடமாடாத இடமாகப் பார்த்து வெட்டி, கழுவிக் கொடுங்கள். வாட்டமாக இருப்பவைகூடப் பச்சைப் புல் வாசனைக்கு முகம் தூக்கும்.

காரணம் தெரியாமல் தவிப்பது எனக்கும் நேர்ந்திருக்கிறது. இனி யாருக்காவது இப்படி நடந்து, காரணம் அறிய விரும்பினால், உடலை உறைய வைக்காமல் குளிராக மட்டும் வைத்து விரைவில் வைத்தியரிடம் கொடுக்க வேண்டும். உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். திறந்து பார்த்தும் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. அதற்கும் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்.

புதிய துணையைப் பற்றி. "இன்னொன்று வாங்கினால் போயிற்று" என்ற பேச்சு உங்களைக் காயப்படுத்தியது புரிகிறது. மிளகின் இடத்துக்கு யாரும் வர முடியாது. ஆனால் கறுவாவுக்குத் துணை தேவை, அது வேறு கணக்கு. கூட்டமாக வாழும் இனம் என்பதால் சுவிட்சர்லாந்தில் 2008இலிருந்து கினிப்பன்றியைத் தனியே வளர்க்கச் சட்டமே இடம் கொடுப்பதில்லை. மகள் ஆயத்தமானதும் அவளையே தேர்வு செய்ய விடுங்கள். மிளகுக்கு என்ன நோய் என்று தெரியாததால் கூட்டை நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்து, புதிதாக வருவதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்துக் கவனியுங்கள்.

பெண்குட்டி என்று கடையில் சொன்னாலும் மிருக வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்துகொண்ட பிறகே கறுவாவோடு விடுங்கள். கடைகளில் இரண்டு பாலும் கலந்துதான் இருக்கும், குட்டிகள் பிறந்து ஒரு மாதத்திலேயே சினைப்படக்கூடியவை. ஆறேழு மாதம் கடந்த பிறகு முதல் முறையாகச் சினைப்படும் பெண்ணுக்கோ இடுப்பெலும்பு இறுகிப் பிரசவத்தில் விரியாமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கறுவா அந்த வயதை நெருங்குகிறது.