ஜிம்னிக்கு 30 மிமீ வீல் ஸ்பேசர், லேத்ல கடைஞ்சு போடலாமா?

கோவைக்காரன்:
அண்ணா, மாருதி ஜிம்னிக்கு 215/75 ஆர்15 டயர் மாத்துனதுல இருந்து ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சா உள்பக்கம் லேசா உரசுதுங்க. ஹப்புக்கும் (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) ரிம்முக்கும் நடுவுல வைக்கிற வளையம், அதான் ஸ்பேசர், 30 மிமீல போட்டா சரியாகும்ங்கிறாங்க, இங்க ஒரு லேத் பட்டறைல பாதி ரேட்டுக்கு அலுமினியத்துல கடைஞ்சு தரேன்ங்கிறாரு. நம்பி போடலாமா?

பட்டறை மணி:
கடையுறது பெரிய வேலை இல்ல தம்பி, என்ன அலுமினியம்ங்கிறதுதான் கேள்வி. காஸ்டிங் (உருக்கி ஊத்துன) துண்டுன்னா வேண்டவே வேண்டாம், 6061-டி6னு (கெட்டியான அலுமினியக் கலவை) பில்லோட காட்டினா மேல பேசு. பிசிடி (நட்டு ஓட்டைங்க நிக்கிற வட்டம்) 5 ஓட்டை, 139.7 மிமீ, நடு ஓட்டை 108 மிமீ சொச்சம், ஆனா உன் ஹப்பையே வெர்னியர் வச்சு அளந்து குடு. ஸ்பேசர் ஹப்புல ஆட்டமில்லாம உக்காரணும், வெளிப்பக்கமும் ரிம் உக்கார அதே அளவுல ஸ்டெப் எடுத்திருக்கணும், அத விட்டுட்டு தட்டையா குடுத்துட்டா மொத்த பாரமும் நட்டு மேல வரும், ஸ்பீடுல ஸ்டியரிங் உதறும். கம்பெனி ஸ்டட் (ஹப்புல நட்டு மாட்டுற மரைக் கம்பி) நுனி ஸ்பேசரைத் தாண்டி வெளிய நீட்டிட்டு நின்னா ரிம் படியவே படியாது, அதையும் பாத்துக்க.

காட்டுவழி:
மணி அண்ணன் சொன்னதோட இன்னொன்னு. 30 மிமீன்னா ரெண்டு செட் நட்டு, உள்ள ஹப்போட ஒண்ணு, வெளிய ரிம்மோட ஒண்ணு. ரெண்டையுமே டார்க் ரென்ச் (முறுக்கு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு எதிரெதிரா முறுக்கணும், ஜிம்னிக்கு 100 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடை ஏர் கன்லாம் வேண்டாம் ப்ரோ. ஹப்புல துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டு தேச்சுடுங்க, மரைல கிரீஸ் தடவாதீங்க. 100 கிமீ ஓடினதும் ரிம்மை கழட்டி *உள்* நட்டை செக் பண்ணணும், எல்லாரும் வெளி நட்டை மட்டும் பாத்துட்டு கிளம்பிடுறாங்க.

கோவைக்காரன்:
அப்ப தொல்லையே வேணாம்னு 5 மிமீ தட்டை ஸ்பேசர் போட்டுக்கவா?

பட்டறை மணி:
அது இன்னும் மோசம்பா. 30 மிமீ மாதிரி அதுக்குன்னு தனி ஸ்டட் கிடையாது, இருக்குற ஸ்டட்லயே 5 மிமீ போயிடும். 12 மிமீ ஸ்டட்டுக்கு நட்டு குறைஞ்சது 12 மிமீ மரை பிடிக்கணும், 1.25 மிமீ பிட்ச்ல (மரைக்கு மரை இடைவெளி) கிட்டத்தட்ட 10 சுத்து. எண்ணிப் பாரு, வரலன்னா போடாத.

பழைய ஜிப்சி:
30 போட்டா உள்ள உரசுறது நிக்கும், ஆனா டயர் வெளிய தள்ளி நிக்குறதால ஒடிக்கும்போது பம்பர் ஓரத்துல உரச சான்ஸ் இருக்கு, பேரிங்குக்கும் லோடு ஏறும். லேசான உரசல்னா ஸ்டியரிங் ஸ்டாப்பரை (சக்கரம் எவ்ளோ ஒடியலாம்னு தடுக்குற போல்ட்) கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணாலே போதும், வண்டி திரும்ப சித்த அதிக இடம் கேக்கும், அவ்ளோதான். நானா இருந்தா மொதல்ல அதத்தான் பாப்பேன். ஸ்பேசர்தான்னு முடிவு பண்ணா இன்சூரன்ஸ்காரங்ககிட்ட முன்னாடியே எழுத்துல கேட்டுக்குங்க.