முன்பல் 15-இலிருந்து 14: மீட்டர் பொய்யை எப்படிச் சரிசெய்தீர்கள்?

ஒருபல்குறைவு

செயின் ஸ்ப்ராக்கெட்டில் முன்னால் 15 பல், பின்னால் 45 பல், அதாவது 15/45 இருந்த பைக். முன்பல்லை மாற்றி 14/45 ஆக்கியாச்சு. மீட்டர் கூடக் காட்டும் என்பது தெரிந்ததுதான். உறுத்துவது மைலேஜ். டேங்க் ஃபுல் பண்ணி ஃபுல் பண்ணிப் பார்த்த கணக்கில் மாற்றுவதற்கு முன் 45, மாற்றிய பிறகும் அதே 45. எஞ்சின் அதே வேகத்துக்கு 7 சதவீதம் கூடச் சுற்றுது, பெட்ரோல் மட்டும் கூடக் குடிக்காதா? பங்கிலேயே நின்று ரெண்டு தரம் கால்குலேட்டரைத் தட்டின பிறகுதான் உறைத்தது: கிலோமீட்டரே பொய். வேக சென்சார் கியர்பாக்ஸில் இருக்கு, கிலோமீட்டர் காட்டுகிற ஓடோமீட்டரும் அது அனுப்புகிற அதே பல்ஸைத்தான் எண்ணுது. 45-ஐ 1.0714-ஆல் (15-ஐ 14-ஆல் வகுத்தது) வகுத்தால் 42. நிஜ மைலேஜ் அதுதான்.

ஜிபிஎஸ்ஸில் 60 போனால் மீட்டரில் 67, 68. என்ன போட்டீர்கள், எங்கே சொதப்பியது, எழுதுங்கள்.

கேபிள்தாத்தா

சென்சார் பல்ஸைத் திருத்தி மீட்டருக்கு அனுப்புகிற கரெக்டர் பெட்டி வாங்கப் போகும் முன் மீட்டர் எங்கிருந்து வேகத்தை எடுக்குதுன்னு பாருங்கப்பா. பின்பல்லை மாற்றிவிட்டு, கரெக்டர் பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தது ஒரு வண்டி. முன்சக்கர ஹப்பிலிருந்து கேபிள் போகிற வண்டி அது. சென்சார் வயர் எங்கேன்னு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியதுதான் மிச்சம். முன்சக்கரத்துக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பல்லை எப்படி மாற்றினாலும் அந்த மீட்டர் அசையாது.

சந்தேகம் இருந்தால் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல், முதல் கியரில் ஐடிலில் விடுங்கள். மீட்டர் ஏறினால் வேகம் கியர்பாக்ஸிலிருந்தோ பின்சக்கரத்திலிருந்தோ வருது. ஏறாவிட்டால் முன்சக்கரம். பின்சக்கர சென்சாரும் பல் மாற்றினால் பாதிக்காது, டயர் சைஸ் மாறினால்தான் பாதிக்கும். கியர்பாக்ஸில் எடுக்கிற வண்டிக்கு மட்டும்தான் இந்தத் தலைவலி. ஏபிஎஸ் வண்டியில் இப்படி ஓடவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். சாவியை அணைத்துப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் போய்விடும்.

மைனஸ்முக்கியம்

பெட்டியில் எந்த நம்பரைப் போடுவது என்பதில்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். 14/45 போட்ட ஒரு வண்டி, ஸ்பீடோஹீலர் என்கிற கரெக்டர் பெட்டியில் 7.1 சதவீதம் அடித்திருந்தார்கள். ஜிபிஎஸ் 60-இல் மீட்டர் 72! மைனஸ் போட மறந்துவிட்டார்கள். ஏற்கெனவே கூடக் காட்டினதை இன்னும் கூட்டியாச்சு.

மைனஸ் போட்டாலும் 7.1 தப்பு. மீட்டர் கூடக் காட்டும் அளவு வேறு, அதைத் திருத்தும் அளவு வேறு. பழைய விகிதம் 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3.000. புதியது 45-ஐ 14-ஆல் வகுத்தால் 3.214. பழையதைப் புதியதால் வகுத்தால் 0.9333, ஆக திருத்தம் மைனஸ் 6.7. இந்த ஒரு பல்லுக்கு 0.4 வித்தியாசம்தான், யாருக்கும் தெரியாது. 13/48 போடுகிறவர்களுக்கு வலிக்கும். மீட்டர் 23.1 சதவீதம் கூடக் காட்டும், திருத்தம் மைனஸ் 18.75. அங்கே போய் மைனஸ் 23.1 அடித்தால் கம்பெனி அளவை விட 5 சதவீதம் குறைவாகக் காட்டும்.

டயரும் மாற்றியிருந்தால் ரெண்டையும் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 140/70-17 கணக்குப்படி சுற்றளவு 1972 மில்லி, 150/60-17 என்றால் 1922. டயரால் 1.026, பல்லால் 1.0714, பெருக்கினால் 1.099. திருத்தம் மைனஸ் 9.0. கணக்கை நம்பாதவர்கள் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்து, 5 சுற்று உருட்டி, தரையில் அளந்து 5-ஆல் வகுக்கலாம். ஆள் எடையில் டயர் அமுங்குவதால் கணக்கை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

ஜிபிஎஸ்பக்தன்

எதற்கு இவ்வளவு கணக்கு? மீட்டரில் 67.5, நிஜம் 60. மைனஸ் 11.1 போட்டால் ஜிபிஎஸ்ஸும் மீட்டரும் ஒன்றாகிவிடும். மூணு வண்டிக்கு அப்படித்தான் போட்டது, ஒட்டிக்கொண்டு ஓடுது.

மைனஸ்முக்கியம்

@ஜிபிஎஸ்பக்தன் அண்ணே, அந்த மூணு வண்டியின் ஓடோமீட்டரைக் கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? பல வண்டிகளில் கம்பெனியே வேகத்தை மட்டும் 5 சதவீதம் போலக் கூட்டித்தான் காட்டும், ஓடோமீட்டர் சரியாக ஓடும். கூட்டுவது மீட்டருக்குள்ளே நடக்கிற வேலை. பெட்டியோ மீட்டருக்கு வெளியே பல்ஸைக் குறைக்குது. அதனால் வேகம், தூரம் ரெண்டும் சேர்ந்தே குறையும். நீங்கள் சொல்கிற மைனஸ் 11.1-இல் வேகம் நேராகும், ஆனால் 100 கிமீ ஓடினால் ஓடோமீட்டரில் 95 தான் ஏறும். சர்வீஸ், ஆயில் மாற்றம் எல்லாம் தள்ளிப்போகும்.

ரெண்டும் நேராக வேண்டும் என்றால் வேறு மீட்டர்தான் மாட்டணும். ஏஸ்வெல், ட்ரெய்ல் டெக் மாதிரி மீட்டர்களில் சக்கரச் சுற்றளவை மில்லியில் அடிக்கலாம். கம்பெனி மீட்டரை வைத்துக்கொண்டு ஏதாவது ஒன்றைத்தான் நேராக்க முடியும். ஓடோமீட்டரை நேராக்குங்கள். வேகம் ஷோரூமிலிருந்து வந்தபோது எவ்வளவு கூடக் காட்டியதோ அதே அளவுக்குத் திரும்பிவிடும்.

இன்னொன்று. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் நிஜ வேகத்தை விடக் கூடக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. கம்பெனிக்காரர்கள் கூட்டி வைப்பதற்குக் காரணமே அதுதான். ஜிபிஎஸ்ஸோடு ஒட்டவைத்துவிட்டு நாளைக்குக் கொஞ்சம் உயரமான டயர் போட்டால் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள்.

ஜிபிஎஸ்பக்தன்

ஓடோமீட்டர் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளக்கிற முறையும் பலருக்குத் தெரியலை. முறுக்கிவிட்டு 60 தொட்டதும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் அது பின்தங்கித்தான் காட்டும். சமதளத்தில், நேரான ரோட்டில், ஒரே வேகத்தில் 10 விநாடியாவது பிடிக்கணும். 40, 60, 80 மூணிலும் அளக்கணும். மூணிலும் சதவீதம் ஒன்றாக வந்தால் பல்ஸ் கணக்கு சரி. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள், ரெண்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துவிட்டு வீட்டில் வந்து பாருங்கள்.

பல்ஸ்பிடிப்பவன்

சொந்தமாகச் சின்ன போர்டில் கரெக்டர் செய்கிறவர்களுக்கு. அப்படிச் செய்த ஒன்று பார்க்கக் கிடைத்தது, யோசனை அழகு: 15 பல்ஸ் வந்தால் ஒன்றை விழுங்கிவிட்டு 14-ஐ வெளியே விடுவது. ஓடோமீட்டர் மில்லி பிசகாமல் வந்தது. வேகமோ 60, 60, 41, 60, 58 என்று தாண்டவமாடியது. அந்த மீட்டர் ஒரு பல்ஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அளந்து வேகம் சொல்கிற வகை. ஒன்றை விழுங்கினால் அந்த இடத்தில் இடைவெளி இரட்டிப்பாகும், வேகம் பாதியாகத் தெரியும். மீட்டர் கொஞ்சம் சராசரி எடுப்பதால் 30-க்கு விழாமல் 41-இல் நின்றது. விழுங்கக் கூடாது. வருகிற இடைவெளியை அளந்து, 15-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்து, அந்த இடைவெளியில் புதிதாகப் பல்ஸ் போடணும். முதலில் பெருக்கல், பிறகுதான் வகுத்தல். முழு எண்ணில் 15-ஐ 14-ஆல் முதலில் வகுத்தால் 1 தான் வரும், திருத்தமே இருக்காது.

வயர் விஷயம். சென்சாரில் மூணு வயர்: சப்ளை, எர்த், சிக்னல். கலரை நம்பாதீர்கள். கப்ளரைக் கழற்றாமல் அதன் பின்பக்கமாக மல்டிமீட்டர் ஊசியை நுழைத்து, சாவி போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டுங்கள். அசையாமல் 5 அல்லது 12 வோல்ட் நிற்பது சப்ளை. பூஜ்யம் எர்த். ஏறி இறங்குவது சிக்னல். சிக்னலை மட்டும்தான் வெட்டணும், மற்ற ரெண்டும் நேராகப் போகணும்.

பல வண்டிகளில் சிக்னலை மேலே தூக்கிப் பிடிக்கிற ரெசிஸ்டர் மீட்டருக்குள்தான் இருக்கு, சென்சார் அதைக் கீழே இழுக்க மட்டும் செய்யும். வயரை வெட்டிய உடனே சென்சார் பக்கம் செத்துப்போகும். சென்சார் போச்சுன்னு புதுசு வாங்கிவிடாதீர்கள், உங்கள் போர்டின் பக்கம் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் உயிர் வந்துவிடும்.

பழையஊசி

கியர்பாக்ஸிலிருந்து கேபிள் போகிற பழைய வண்டிகளை எல்லாரும் மறந்தாச்சு. அதில் ஊசியைப் பிடுங்கித் தள்ளிக் குத்துகிற வேலை வேண்டாம். 60-க்கு நேராக வரட்டும் என்று ஏழரை தள்ளிக் குத்திய மீட்டர் ஒன்று, நிஜ 30-இல் 26 காட்டியது, 100-இல் 105. பிழை சதவீதத்தில் இருக்கு, ஊசியைத் தள்ளினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவுதான் கழியும். உள்ளே காந்தம் சுற்றுது, அலுமினியக் கிண்ணத்தை இழுக்குது, மெல்லிய சுருள் கம்பி பிடித்து நிறுத்துது. ஓடோமீட்டர் தனிப் பல்லில் ஓடுது. ஊசியை என்ன செய்தாலும் கிலோமீட்டர் மாறாது. கேபிளுக்கு நடுவில் போடுகிற விகிதப் பெட்டி ஒன்றுதான் வழி. 0.933 கேளுங்கள், சுற்றும் திசையையும் கேளுங்கள். திசை மாற்றுகிற பெட்டி வந்தால் ஊசி பூஜ்யத்துக்குப் பின்னால் முட்டும்.

செயின்சாமி

பல் குறைத்த இன்னொருவர் வண்டியில் ஸ்விங்ஆர்ம் ரப்பரைச் செயின் அறுத்தே எடுத்துவிட்டது. அவ்வளவுதான் கதை. தம்பி, மீட்டரை விடுங்கள், 14 எதற்குப் போட்டீர்கள்? 15/48 போட்டால் விகிதம் 3.200, உங்கள் 3.214-க்குப் பக்கம். சின்ன முன்பல்லில் செயின் இறுக்கமாக மடங்கும், கண்ணிகள் சீக்கிரம் தேயும், ரப்பரை உரசும். ஆனால் 48 போட்டால் செயின் நீளம் இடிக்கும். 520 செயினில் 3 பல் கூட்டினால் பின் ஆக்ஸில் ஏறக்குறைய 13 மில்லி முன்னால் வரணும், அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருக்கான்னு முதலில் பாருங்கள். உங்களுக்கு ஒரு பல் குறைத்ததில் ஆக்ஸில் மூன்றரை மில்லி பின்னால் போயிருக்கும். செயின் தொய்வை அப்போதே சரிபார்த்தீர்களா? அட்ஜஸ்டர் கோடு ரெண்டு பக்கமும் ஒன்றா? லாக் வாஷரைப் புதுசாக மடித்தீர்களா? சில வண்டிகளில் முன்பல் நட்டோடு சென்சாருக்கான சுற்றுத்தகடும் சேர்ந்திருக்கும், அதை மறந்து மூடிவிட்டு மீட்டர் செத்துப்போச்சுன்னு வருகிறவர்கள் உண்டு.

ஒருபல்குறைவு

@செயின்சாமி அண்ணே, கேட்டது மீட்டரைப் பற்றி. 😀 தொய்வு பார்த்தாச்சு.

ஆறாவதுகியர்

யாரும் சொல்லாத ஒன்று. கியர் நம்பர் காட்டுகிற வண்டியில், அந்த நம்பருக்குத் தனி சுவிட்ச் இருந்தால் கவலையில்லை. ஆர்பிஎம்மையும் வேகத்தையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிற வகை என்றால் கவனம். கியர்பாக்ஸ் சென்சார் வண்டியில் பல் மாற்றியபோது நம்பர் சரியாகவே இருக்கும். கரெக்டரை ஈசியூவுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்) முன்னால் போட்ட பிறகுதான் கெடும். அப்படி ஒன்று, ஆறாவதில் போகும்போது 5, கோடு, 5, கோடு என்று மாறி மாறிக் கண்ணடித்தது. மேல் கியர்களுக்கு இடையே வித்தியாசமே கொஞ்சம்தான், 7 சதவீதம் போதும் குழப்ப. மீட்டருக்கும் ஈசியூவுக்கும் சிக்னல் பிரிகிற இடத்தைத் தேடி, மீட்டர் கிளையில் மட்டும் பெட்டியைப் போட்டதும் சரியாச்சு. ஈசியூவே டேட்டா வயரில் மீட்டருக்கு வேகம் சொல்கிற புது வண்டிகளில் அந்த வசதி கிடையாது. சென்சார் பக்கம்தான் போடணும், கியர் கணக்கைத் திரும்பக் கற்றுக்கொடுக்கணும்.

ஏபிஎஸ் சக்கர சென்சார் வயரில் மட்டும் யாரும் எதையும் செருகாதீர்கள். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒப்பிட்டுத்தான் அது பிரேக்கை விடுது.

ஒருபல்குறைவு

மைனஸ் 6.7 போட்டாச்சு, மீட்டர் கிளையில். ஜிபிஎஸ் 60-க்கு இப்போது 63. பல் மாற்றும் முன் இருந்ததும் 63 தான். கிலோமீட்டர் கல் பத்துக்கு ஓடோமீட்டர் 10.0. ஒரே ஒரு இம்சை வந்தது: நின்றுகொண்டு ஐடிலில் இருக்கும்போது மீட்டர் 3, 4 என்று காட்டியது. பெட்டியை டேங்க்குக்கு அடியில் இக்னிஷன் காயில் பக்கத்தில் கட்டியிருந்தது. சீட்டுக்கு அடியில் மாற்றி, எர்த்தை பேட்டரி மைனஸுக்கே நேராக இழுத்ததும் பூஜ்யத்தில் நின்றுவிட்டது.