பொருள்: புற்றுநோய் வந்த நாய்களுக்கு இரத்தம் உறையும் அபாயம் – சொல் வேண்டும்

யீஷுனிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் நாய் வளர்ப்போருக்கான புற்றுநோய்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஹைப்பர்கோயகுலபிலிட்டி’க்குத் தமிழ் வேண்டும். சில புற்றணுக்கள் ‘திசுக் காரணி’ என்ற புரதத்தை வெளிக்காட்டுவதால், காயமே இல்லாமல் குழாய்க்குள் இரத்தம் உறையக்கூடிய நிலை. பழைய வரைவில் ‘ரத்தக் கட்டி’ என்றிருக்கிறது. அதைப் படித்த பெரியவர் ஒருவர், “மண்ணீரலில் ஒரு கட்டி, காலிலும் கட்டியா? பரவிவிட்டதா?” என்று பதறிப்போனார்.

ஜூரோங்கிலிருந்து:
தம்பி, ‘மிகையுறைவு’ என்று வையுங்கள். ‘உறைகட்டி’யும் வேண்டாம், அதே குழப்பம்தான். அப்புறம், ‘இரத்தம்’ எதற்கு? குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே காந்தள் குருதிப்பூவாக இருக்கிறது. நம் சொல் இருக்க இரவல் வேண்டாம்.

தேக்காவிலிருந்து:
‘உறை’ அருமையான வேர். உறைவிடம், உறையூர், வானுறையும் தெய்வம் எல்லாம் தங்குவது. பாலுக்கு உறை ஊற்றினால் ஓடிய பால் நின்று தங்குகிறது. தங்குதலும் இறுகுதலும் ஒரே வேர் என்பது என் துணிபு. வாளின் உறையையும் இதில் சேர்க்கலாம். வாள் தங்கும் இடம்தானே?

புக்கிட் பாத்தோக்கிலிருந்து (விலங்கு மருத்துவர்):
ஐயா, வாளுறைக்குள் போனால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். ‘மிகை’ அளவைச் சொல்கிறது; இங்கே பேச்சு எளிதில் உறைவதைப் பற்றி. இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணீரலில் வரும் ஹெமாஞ்சியோசார்கோமா என்ற இரத்தக்குழாய்ப் புற்றில் நுண்குழாய்கள் தோறும் உறைந்து உறைந்து, தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் தீர்ந்துபோய், அதே நாய்க்கு இரத்தம் நிற்காமல் கசியும். ‘மிகையுறைவு’ என்று படித்தவர் ஈறில் கசிவதைக் கண்டு இது வேறு நோய் என்று நினைத்துவிடுவார். வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியவேண்டியது: திடீரென மூச்சு வாங்கினால் நுரையீரலில் அடைப்பு இருக்கலாம். பின்னங்கால் துவண்டு பாதம் சில்லிட்டால் பெருந்தமனியில் அடைப்பு இருக்கலாம். இரண்டுக்கும் உடனே கிளினிக்குக்கு ஓடவேண்டும்.

ஜூரோங்கிலிருந்து:
அப்படியென்றால் ‘உறைகுருதிநிலை’. வினைத்தொகை. உறைந்த, உறைகின்ற, உறையும் என்று முக்காலமும் அடங்கும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:
அதுதான் தடை, ஐயா. உறைந்துவிட்டதா, இனிமேல் உறையக்கூடுமா என்பதில்தான் சிகிச்சையே மாறுகிறது. வருமுன் உறைவைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மருந்து கொடுப்பது வேறு, அடைத்த பின் காப்பாற்றுவது வேறு. காலம் கரந்த தொகை இங்கே உதவாது.

அங் மோ கியோவிலிருந்து:
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் கீழ்வீட்டு ஆன்ட்டிக்குப் புரியவேண்டும். ‘இரத்தம் எளிதில் உறையும் நிலை’ என்று எழுதுங்கள். நீளம்தான், யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

தேக்காவிலிருந்து:
‘உறைநாட்டம்’? நாட்டம் என்றால் சாய்வும்தான்.

அங் மோ கியோவிலிருந்து:
இரத்தம் விரும்பி உறைகிறது என்று படுகிறதே, அண்ணே.

யீஷுனிலிருந்து:
நன்றி. உடன்பட்டவர்கள் அதிகம் என்பதால் கையேட்டின் உள்ளே ‘இரத்தம் எளிதில் உறையும் நிலை’. கசிவுக்குத் தனிப் பத்தி. தலைப்புப் பட்டைக்கு மட்டும் ‘எளிதுறைவு’. ‘கட்டி’ புற்றுக்கு மட்டும்.

ஜூரோங்கிலிருந்து:
‘எளிதுறைவு’ சரி. ‘இரத்தம்’ சரியில்லை, என் மறுப்பைக் கோப்பில் சேருங்கள். உறைந்தது பெயர்ந்து போய் நுரையீரலை அடைப்பதற்கு என்ன சொல் வைத்தீர்கள்? ‘தக்கை’ என்றால் எதிர்ப்பேன். தக்கை மிதக்கும், அடைக்காது.

தேக்காவிலிருந்து:
போத்தலைத் தக்கைதான் அடைக்கிறது.